மேசையைக் காத்தவள்

சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடி நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் இருவர் அமர இடம் கிடைப்பது எளிதன்று. ஆகவே எங்கள் ஊரில் எல்லா இனத்தாரும் கடைப்பிடிக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. ஒருவர் மேசைமேல் ஒரு டிஷ்யூப் பொட்டலத்தை வைத்துவிட்டு அமர்ந்துகொள்வார்; மற்றவர் உணவு வாங்க வரிசையில் நிற்பார். பொட்டலம் கிடக்கும் மேசையைப் பிறர் தொடுவதில்லை. எங்கள் நாற்பத்தாறு ஆண்டு மணவாழ்வில் அமர்ந்தவள் எப்போதும் என் மனைவி. நின்றவன் எப்போதும் நான். எவரேனும் தட்டோடு வந்து எதிர் நாற்காலியைப் பற்றினால், அவள் பொட்டலத்தின்மேல் உள்ளங்கையைப் பதித்து, "ஆள் இருக்கு" என்பாள். சீனருக்கும் மலாய்க்காரருக்கும் அவள் சொன்னது அதே தமிழ்தான். அவர்களுக்கு அது விளங்காமற் போனதாக எனக்கு நினைவில்லை.

அவளிடம் மற்றுமொரு வழக்கம் இருந்தது. முதலில் பிடித்த மேசையில் அவள் நிலைத்திருப்பதில்லை. நான் வரிசைக்குச் சென்றதும் அவள் கண்கள் வேறு மேசையைத் தேடத் தொடங்கும். விசிறிக்குக் கீழே, தூணை ஒட்டி, எண்ணெய்ப் புகை எட்டாத இடமாகப் பார்த்துப் பொட்டலத்தோடு மாறிவிடுவாள். நான் இரு கைகளிலும் தட்டுகளை ஏந்தித் திரும்பும்போது பழைய மேசையில் அந்நியர் உண்டுகொண்டிருப்பர். தொலைவிலிருந்து ஒரு கை உயரும். "இங்க பாருங்க, காத்து எப்படி வருதுன்னு!" என்பாள். "ஒரு எடத்துல இருக்க மாட்டியா?" என்று நான் கடிந்துகொள்வேன்.

இவ்விரு வழக்கங்களையும் முதலில் எழுதிவைக்கிறேன். பின்னர் நேர்ந்தது இவற்றை நான் மறந்ததால் நேர்ந்தது.

அவளை மறதிநோய் பீடித்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. முதலில் சாவிகள் தொலைந்தன. பிறகு தெருக்கள் தொலைந்தன. ஒருநாள் தெம்பனிஸில் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து இறங்கியவளை மாலையில் கிளமெண்டியில் கண்டெடுத்தார்கள். தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அவள் ரயிலில் அமர்ந்தே சென்றிருக்கிறாள். அன்றிலிருந்து இரும்புக் கதவுக்குப் பூட்டிட்டு, சாவியை என் கழுத்தில் அணிந்துகொண்டேன். அவளைக் குளிப்பாட்டினேன், ஊட்டினேன், அவள் என்னை ஏசினால் கேட்டுக்கொண்டேன். சென்ற ஆண்டு அவளைக் குளியலறையில் தூக்கப்போய் இருவருமாக விழுந்தோம். அதை மகளிடம் மறைத்தேன். என் முழங்கையிலிருந்த காயம் காணொளி அழைப்பில் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

எங்களுக்கு ஒரே மகள். படிக்கப் போன கனடாவிலேயே வேலையும் வீடும் தேடிக்கொண்டு, பிரேரி எனப்படும் புல்வெளி மாநிலம் ஒன்றில் இருக்கிறாள். தாயை, நோயுற்ற முதியோரைப் பராமரிக்கும் தாதிமை இல்லத்தில் சேர்ப்பதற்காக என்னிடம் கேட்காமலேயே அவள் பெயர் பதிந்து வைத்திருந்தாள். ஜூன் மாதத்தில் ஓர் இடம் காலியானது. ஜூலை முடிவதற்குள் வேண்டும் அல்லது வேண்டாம் என்று விடை சொல்லியாக வேண்டும்.

"பா, இத விட்டா அடுத்தது எப்ப வரும்னு தெரியாது. சீரியஸா சொல்றேன்."

"அம்மாவுக்கு வீடு இருக்கு."

"உங்களுக்கே எழுபத்துநாலு. நீங்க விழுந்தா யாரு தூக்குறது? அம்மாவா?"

"முப்பத்தோரு வருஷம் பஸ்ஸு ஓட்டினவன் நான். ஒரு பேசெஞ்சரயும் தொலைச்சதில்ல. இந்த ஒருத்தியப் பாத்துக்க முடியாதா?"

அந்தச் சொற்கள் இன்றும் என் காதில் உள்ளன. மகள், தான் விடுப்பெடுத்து ஒரு படுக்கை வண்டியை வாடகைக்கு எடுப்பதாகவும், ராக்கி மலைகளைக் காட்டிவிட்டு அங்கிருந்து சமவெளி வழியே தன் வீட்டுக்கு அழைத்துச் செல்வதாகவும் கூறினாள். "ட்ரிப்பு முடியட்டும். நீங்க எப்படிச் சமாளிக்கிறீங்கன்னு நான் பக்கத்துல இருந்து பாக்குறேன். அப்புறம் நீங்க சொல்றதுதான்" என்றாள். அது எனக்கு வைக்கப்பட்ட தேர்வு என்பதை உணர்ந்தே ஒப்புக்கொண்டேன். தேறுவேன் என்றும் நம்பினேன்.

வண்டி நீண்ட வெள்ளைப் பெட்டி போன்றது. முன்னே ஓட்டுநருக்கும் ஒருவருக்கும் இருக்கை. பின்னே அடுப்பு, கழுவுதொட்டி, வார் பூட்டிய ஓர் இருக்கை, அதன் பக்கத்தில் படுக்கை. முன்னுக்கும் பின்னுக்கும் இடையில் ஒரு சாம்பல் நிறத் திரை. ஓட்டியவள் மகள். அந்நாட்டில் ஓட்ட எனக்கு அனுமதியில்லை. நான் அருகில் அமர்ந்து, இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்தவாறே வந்தேன்.

"பா, நீங்க மிதிக்கிற மிதியில தரையே ஓட்டையாயிடும் லா."

"வளைவுல கொஞ்சம் மெதுவா போ."

"நாப்பதுலதான் போறேன்! பின்னால பாருங்க, பத்து காரு நம்மள திட்டிட்டு வருது."

மலைகளில் கழிந்த நான்கு நாள்கள் நல்ல நாள்கள். மலைச்சுவர்கள் இருபுறமும் உயர்ந்து நின்றதில் மனைவிக்கு ஏதோ ஆறுதல் கிடைத்தது. அவற்றை அவள் அடுக்குமாடிக் கட்டடங்களாகக் கொண்டாள் என்பது இரண்டாம் நாள் எனக்கு விளங்கிற்று. பனி மூடிய சிகரம் ஒன்றை அண்ணாந்து பார்த்து, "மேல் மாடிக்காரங்க வெள்ளத் துணியா காயப் போட்டிருக்காங்க" என்றாள். மகள் சிரித்தாள், நானும் சிரித்தேன், காரணம் அறியாமலே அவளும் சிரித்தாள். அவள் வேளைக்கு உண்டாள். ஒருமுறைகூட எழுந்து நடக்க முயலவில்லை. நான் மாத்திரை தருவதையும், செருப்பு மாட்டிவிடுவதையும், கழிப்பறை வாசலில் நிற்பதையும் மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான்காம் நாள் அடுப்பில் ரசம் கொதிக்கையில், "நீங்க நல்லாத்தான் பாத்துக்கிறீங்க பா" என்றாள். உள்ளுக்குள் வென்றுவிட்டதாக எண்ணினேன்.

ஐந்தாம் நாள் மலைகள் முடிந்தன. அவை படிப்படியாகத் தாழும் என எதிர்பார்த்திருந்தேன். அவ்வாறன்றி அரை மணி நேரத்தில் நிலம் தட்டையாகிவிட்டது. பின்னர் வானம் மட்டுமே இருந்தது. கீழே கனோலா என்னும் எண்ணெய்வித்து வயல்கள் கண்ணுக்கெட்டியவரை மஞ்சளாகப் பூத்துக் கிடந்தன. கட்டடமில்லை, மரமில்லை, மனிதருமில்லை. ஐம்பது கிலோமீட்டர் நீளமே உள்ள தீவில் அடுக்குமாடிகளுக்கிடையே வாழ்ந்த எனக்கே அந்த வெறுமை நெஞ்சை அழுத்தியது.

"இங்க எப்ப வீடு கட்டப் போறாங்க?" என்று பின்னாலிருந்து கேட்டாள் மனைவி.

"கட்ட மாட்டாங்கம்மா. இது வயல்" என்றாள் மகள்.

"இவ்ளோ எடத்தையா சும்மா விடுவாங்க?"

பத்து நிமிடங்கள் கழித்து அதே கேள்வியைக் கேட்டாள். பிறகும் கேட்டாள். ஆறாம் முறை அவள் குரலில் அச்சம் இருந்தது. வார்ப்பூட்டைப் பிடித்து இழுக்கத் தொடங்கினாள். வண்டியை ஓரங்கட்டச் செய்து, பின்னே சென்று, சன்னல் மறைப்புகளை இறக்கி, இடையிலிருந்த திரையையும் இழுத்துவிட்டேன். வெளி மறைந்ததும் அவள் அமைதியுற்றாள். அன்று முதல் திரை மூடியே இருந்தது.

மறுநாள் நண்பகலுக்குப் பின் ஒரு சிற்றூரின் பெட்ரோல் எண்ணெய் நிலையத்தில் நின்றோம். அதன் கடையில் சூடான உணவு கிடைத்தது. வெளியே சாலையை நோக்கி மூன்று மரமேசைகள். மகள் எண்ணெய் நிரப்பப் போனாள். நான் மனைவியைக் கைப்பிடித்து இறக்கி, முதல் மேசையில் அமர்த்தி, என் சட்டைப் பையிலிருந்த டிஷ்யூப் பொட்டலத்தை அவள் முன்னே வைத்தேன்.

"நான் போய் வாங்கிட்டு வர்றேன். எடத்தப் பாத்துக்கோ. எழுந்திரிக்காதே, என்னா?"

"போங்க, போங்க. கூட்டம் வந்துரும்" என்றாள்.

மூன்று மேசைகளிலும் எவருமில்லை. ஆனால் அவள் முகத்தில் பல மாதங்களாக நான் காணாத தெளிவு இருந்தது. செய்யவேண்டிய வேலை ஒன்று அவளுக்குக் கிடைத்துவிட்டது. நான் மகிழ்ந்தேன். எழுபத்தொரு வயதான, நாளும் கிழமையும் அறியாத பெண்ணை அறியாத ஊரின் வாசலில் தனியே விட்டுச் செல்கிறோம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. தேக்காவில் விட்டுச் சென்றதைப் போல விட்டுச் சென்றேன்.

வரிசை நீண்டிருந்தது. எனக்கு முன்னே ஏதோ வேலைத்தளத்தின் ஆட்கள் பன்னிரண்டு பேருக்கு உணவு கேட்டுக்கொண்டிருந்தார்கள். சிறிது நேரத்தில் மகள் கைப்பேசியைப் பார்த்தவாறு உள்ளே வந்தாள்.

"பா, மேற்குப் பக்கம் வானத்தப் பாருங்க. பெரிய புயல் வருதாம். பார்சல் கட்டிக்கிட்டு கெளம்பிடலாம். போற வழியில சாப்பிடுவோம்."

நான் சன்னல் வழியே பார்த்தேன். முதல் மேசையில் எவருமில்லை. மற்ற இரண்டிலும் எவருமில்லை.

"அம்மா வண்டியிலதானே?" என்றேன்.

"ம்ம்" என்றாள் மகள், கைப்பேசியிலிருந்து கண்ணெடுக்காமல்.

மகள் அழைத்துச் சென்று ஏற்றிவிட்டாள் என்று நான் கொண்டேன். நான் ஏற்றிவிட்டேன் என்று மகள் கொண்டாள். உணவுப் பைகளோடு கருத்த வானத்தின்கீழ் ஓடி, ஏறி, கதவை அடைத்தோம். திரை மூடியிருந்தது. "தூங்குறாங்க போல. எழுப்பாதீங்க, வெளிய பாத்தா பயப்படுவாங்க" என்றாள் மகள்.

இவ்விடத்தில் என் தொழிலைப் பற்றி ஒன்று கூறியாக வேண்டும். எங்கள் பணியில் முனையத்தை அடைந்து இயந்திரத்தை நிறுத்தியதும் ஓட்டுநர் எழுந்து கடைசி இருக்கை வரை நடந்து செல்ல வேண்டும். உறங்கிப்போன பள்ளிப் பிள்ளை, குடித்துச் சாய்ந்த தொழிலாளி, மறந்துவிட்ட குடை, எல்லாவற்றையும் கண்ணால் பார்த்த பிறகே இறங்க வேண்டும். முப்பத்தோரு ஆண்டுகளில் எந்த நாளும் நான் அதைத் தவறவிட்டதில்லை. ஓய்வு பெற்ற பின்னும் வாடகை வண்டியிலிருந்து இறங்கினால் பின்னிருக்கையைத் தடவிப் பார்ப்பேன். அன்று நான் எழுந்து பார்க்கவில்லை. ஓட்டியவன் நானல்லன் என்பதைத் தவிர அதற்குக் காரணம் ஏதும் எனக்குத் தெரியவில்லை. அது காரணமாகாது என்பது தெரியும்.

இருபத்தைந்து நிமிடங்கள் சென்றோம். ஆலங்கட்டிகள் விழத் தொடங்கின. முதலில் கூரையில் பட்டாணி கொட்டுவது போலிருந்தது. பின்னர் கல்லெறிவது போலாயிற்று. மகள் வண்டியைச் சாலையோரம் நிறுத்தினாள். இவ்வளவு ஓசைக்கும் பின்னாலிருந்து ஒரு குரலும் எழவில்லை. பயந்து உறைந்திருப்பாள் என்று எண்ணி வாரை அவிழ்த்துத் திரையை விலக்கினேன்.

கம்பளியும் இரண்டு தலையணைகளும் இருந்தன. அவளுடைய கைப்பை இருந்தது.

மகள் என் முகத்தைப் பார்த்தாள். "பா, அம்மா எங்க? பா!" அதற்கு மேல் அவள் எழுப்பிய ஒலியை எழுத்தில் வைக்க எனக்கு இயலாது. வண்டியைத் திருப்பினாள். கைப்பேசியில் அலை கிடைக்கவில்லை. முன்கண்ணாடியில் விரிசல் ஓடியது. நான் "மெதுவா" என்று சொல்லவில்லை.

நாங்கள் திரும்பியபோது என் மனைவி கடைக்குப் பின்புறம் இருந்தாள். முன்னே புயற்காற்று வீசியதால், சுவரை ஒட்டிப் பின்னால் கிடந்த நான்காவது மேசைக்கு மாறியிருந்தாள். கடைச் சன்னலிலிருந்து அது தெரியாது. முதல் மேசையில் அவள் ஒருநாளும் நிலைப்பதில்லை என்பதை இவ்வுலகில் அறிந்தவன் நான் ஒருவனே.

அவளுக்கு இருபுறமும் இருவர் நின்றிருந்தார்கள். ஐம்பதைக் கடந்த, தடித்த உடலுடைய உழவர்கள். தங்கள் சரக்கு வண்டியில் விரிக்கும் கனத்த ரப்பர் விரிப்பு ஒன்றை அவள் தலைக்கு மேலே நான்கு கைகளாலும் தூக்கிப் பிடித்திருந்தார்கள். ஆலங்கட்டி அப்போது நின்று மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. அவர்களுடைய முன்கைகள் சிவந்து தடித்திருந்தன. எண்ணெய் போட வந்த இடத்தில் அவளைக் கண்டு உள்ளே அழைத்திருக்கிறார்கள், அவள் வரவில்லை. தூக்க முயன்றிருக்கிறார்கள்; அவள் அடித்திருக்கிறாள். வேறு வழியின்றி விரிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். ஒருவர் நெற்றியில் அவளுடைய நகக்கீறல் இருந்தது.

அவர்கள் காணுமுன்பே அவள்மேல் எத்தனை கற்கள் விழுந்தனவோ அறியேன். புருவத்திற்கு மேல் பிளந்து இரத்தம் மழையோடு கலந்து கழுத்துவரை இறங்கியிருந்தது. இடக்கை மேசைமேல் நீலம் பாரித்து, இரு மடங்காக வீங்கிக் கிடந்தது. அந்தக் கையின் அடியில் டிஷ்யூப் பொட்டலம் நனையாமல் இருந்தது.

என்னைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"ஏன் இவ்ளோ நேரம்? கூட்டமா?" என்றாள். பின்னர் குரலைத் தாழ்த்தி, விரிப்பைப் பிடித்திருந்த இருவரையும் கண்ணால் காட்டினாள். "ரொம்ப நேரமா இந்த எடத்துக்குத்தான் நிக்கிறாங்க. ஆள் இருக்குன்னு சொல்லிட்டேன். பாவம். நம்ம சீக்கிரம் சாப்டுட்டுக் குடுத்துடலாம்."

நான் அந்த இரு மனிதர்களுக்கும் நன்றியாகக் கைகூப்பினேன். அவர்களுள் மூத்தவர் விரிப்பை இறக்கி, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தம் வண்டிக்குப் போனார். அவர் ஏசியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

அடுத்த ஊரின் மருத்துவமனையில் நெற்றிக்கு ஒன்பது தையல் போட்டார்கள். இடக்கையில் இரண்டு எலும்புகள் முறிந்திருந்தன. கட்டுப் போட்டு மருந்தில் அவள் உறங்கிய பிறகு, மகளும் நானும் வெளித் தாழ்வாரத்து நாற்காலிகளில் அமர்ந்திருந்தோம். சாப்பாட்டுப் பைகள் அப்படியே வண்டியில் கிடந்தன.

"நான்தான் பா 'ம்ம்'னு சொன்னேன். பாக்காம சொல்லிட்டேன்" என்றாள் மகள்.

"நீ டிரைவர். ரோட்டப் பாக்குறது உன் வேல. ஆளப் பாக்குறது என் வேல."

"நான் உங்களக் குத்தம் சொல்லல பா."

"சொல்ல மாட்டே. அதான் நானே சொல்றேன்." அடுத்து, "அந்த எடம் வேணும்னு எழுதிடு" என்றேன்.

அவள் அழுதாள். பயணத்திற்கு முன் அவள் வேண்டியது அதுதான். கிடைத்தபோது அவள் அழுதாள். நான் அவள் தலையில் கை வைத்தேன். எங்களுக்குள் அதற்குப் பின் அந்தப் பேச்சு எழவில்லை. மீதிப் பயணத்தில் நான் பின்னே, மனைவியின் அருகில், படுக்கையின் விளிம்பில் அமர்ந்து வந்தேன். சமவெளியை மீண்டும் நான் பார்க்கவில்லை.

ஆகஸ்டு மாதத்தில் அவளைத் தாதிமை இல்லத்தில் சேர்த்தேன். அதன் தாதியர் நல்லவர்கள். நெற்றித் தழும்பு என்னவென்று கேட்டார்கள், ஆலங்கட்டி என்றேன். சிங்கப்பூரில் அதை எவரும் எளிதில் நம்புவதில்லை. அவர்களும் நம்பினார்களா என்று தெரியவில்லை. கழுத்தில் தொங்கிய சாவியைக் கழற்றிவிட்டேன். வீட்டுக் கதவு இப்போது பூட்டப்படுவதில்லை.

நாள்தோறும் நண்பகலில் பேருந்தேறி அவளைக் காணச் செல்கிறேன். உணவுக்கூடத்தில் சக்கர நாற்காலிகளுக்கிடையே அவளுக்கென ஒரு மேசை உண்டு. எதிரே ஒரு நாற்காலி. அதன் முன்னே ஒரு டிஷ்யூப் பொட்டலம். பொட்டலத்தின்மேல் விரல்கள் முழுவதும் மடங்காத அவளுடைய இடக்கை. முதல் வாரங்களில் நான் அந்த நாற்காலியில் அமர்ந்தேன். புரட்டாசி வாக்கில் ஒருநாள் நான் நாற்காலியை இழுத்தபோது அவள் நிமிர்ந்து பார்த்து, மரியாதையாக, "ஆள் இருக்குங்க" என்றாள்.

நான் வெளியே சென்று, இயந்திரத்தில் இரண்டு கோப்பை தேநீர் பிடித்து, இரு கைகளிலும் ஏந்தி மீண்டும் வந்தேன். கைகளில் கோப்பைகளைக் கண்டதும் அவள் பொட்டலத்தை நகர்த்தினாள். "ஏன் இவ்ளோ நேரம்?" என்றாள். அன்று முதல் அவ்வாறே செய்துவந்தேன். சில மாதங்களுக்கு அது பயன்பட்டது.

இப்போது தேநீரும் பயன்படுவதில்லை. கோப்பைகளோடு மேசையருகே நிற்கிறேன். முழங்கால் வலிக்கிறது. நேற்று நான் வெகுநேரம் நிற்பதைக் கவனித்த அவள் மனமிரங்கி என் பக்கம் சாய்ந்தாள்.

"கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றாள். "வீட்டுக்காரரு சாப்பாடு வாங்கப் போயிருக்காரு. அவரு வந்ததும் சாப்டுட்டுக் குடுத்துடுறோம்."